ரெண்டு கிலோ

காளிராஜைப் பத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொல்லணும், அதுக்குத்தானே அண்ணாச்சி வந்திருக்கீங்க? பாராட்டு விழாக் கமிட்டின்னு வாசல்ல நின்னு சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சொல்லுதேன். அவன்கூட ஒரே ரூம்ல எட்டு மாசம் கிடந்தவன் நான். இந்தத் தூத்துக்குடியில என்னைய விட அவனைத் தெரிஞ்சவன் எவனும் கிடையாது. நல்லதா வருமா கெட்டதா வருமான்னு எனக்கே தெரியல. வாரது வரட்டும். நீங்க வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுருங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். எனக்கு அவன் மேல பொறாமை கிடையாது. ஊர்ல அப்படிப் பேசுதாங்கன்னு கேள்வி. என் வீட்டுக்காரியும் அப்படித்தான் நினைக்கா, வாய்விட்டுச் சொல்லமாட்டா. டிவியில அவன் முகம் வந்தா ரிமோட்டை எடுத்து என் பக்கமா நகத்தி வைப்பா. நான் மாத்தமாட்டேன். எதுக்கு மாத்தணும்? முழுசாப் பாப்பேன். பாத்துட்டு, அவன் சொல்றதுல எது எது தப்புன்னு அவளுக்கு விளக்கிச் சொல்லுவேன். அவ்வளவுதான்.

அவனுக்கு எந்த ஊருன்னு தெரியும்லா? கோவில்பட்டிக்கு மேக்க. கரிசக்காடு. அங்க தண்ணின்னா குடத்துலதான் இருக்கும். நேவியில சேந்த பொறவுதான் கடலையே பாத்தானாம், அவனே சொல்லுவான், அதையும் பெருமையாச் சொல்லுவான். நான் அப்படியா? எங்க தாத்தா தோணியில வெங்காயமும் ஓடும் ஏத்திக்கிட்டு, பாய் விரிச்சு, கொழும்புக்குப் போய்ட்டு வந்தவரு. எங்க அப்பா துறைமுகத்துல கிளார்க்கா இருந்தாரு, அது வேற விஷயம். ரத்தம்னு ஒண்ணு இருக்குல்லா. கொண்டல் காத்து எப்ப வரும், கச்சான் காத்து எப்ப திரும்பும்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

நேவியில ரெண்டு பேரும் பாய்ப்படகு டீம்லதான் இருந்தோம். நான் அவனுக்கு நாலு வருஷம் முந்தி. அங்கன நான்தான் முன்னால. மெடல் எல்லாம் அந்தா அலமாரியில இருக்கு, போகும்போது பாருங்க. வெளிய வந்த பொறவு, மும்பையில ஒரு வெளிநாட்டு டீமுக்கு ஆள் எடுக்காங்கன்னு கேள்விப்பட்டு நான் போனேன். போன இடத்துல இவன் நிக்கான். என்னைப் பாத்ததும் ஓடி வந்து, "அண்ணே, நீங்க வந்துட்டீங்களா, இனி எனக்குப் பயமில்ல"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். அப்பவே எனக்குப் பிடிக்கல. நூத்திப் பத்துப் பேர்ல ரெண்டு பேரை எடுத்தான். நானும் இவனும்.

யாட்னா பணக்காரன் பார்ட்டி வைக்கிற கப்பல்னு நினைச்சுக்கிடாதீங்க. இது பந்தயப் படகு. நாப்பது அடி, காத்து மட்டுந்தான். எட்டு டீம், எட்டுப் படகும் ஒரே அச்சு. அதனால படகு மேல பழியைப் போட முடியாது, ஆளுதான் ஜெயிக்கணும். மஸ்கட், பூகெட், ஃப்ரிமேண்டில், மொரீஷியஸ், கடைசியா டர்பன். ஊருக்கு நாலு நாள் ஓட்டம். எல்லாத்துலயும் புள்ளி சேத்துக் கடைசியில கோப்பை. எங்க டீம் பேரு ஹெரான். கேப்டன் ஹென்ரிக்னு ஒரு டென்மார்க்காரன். சோறு தண்ணி இல்லாட்டியும் பாய்மரம் இருந்தாப் போதும்னு இருக்கிற ஆளு. மத்தவனுக எல்லாம் இதையே பொழப்பா வச்சிருக்கவனுக. அங்க போய் நிக்கதே பெரிய விஷயம் அண்ணாச்சி. இந்தியாவுல இருந்து நாங்க ரெண்டே பேரு.

எனக்கு அணியத்து வேலை. படகு மூக்குல நின்னு முன்பாயை ஏத்தணும், இறக்கணும். தண்ணி முகத்துல அறையும். தப்பு நடந்தா உலகத்துக்கே தெரியும், சரியா செஞ்சா ஒருத்தனுக்கும் தெரியாது. அவனுக்குப் பெரிய பாயோட கயிறு. பின்னால, ஹென்ரிக் பக்கத்துல, நிழல்ல உக்காந்து இழுத்து விடுத வேலை. நிழல் சும்மா வாய்க்கு வந்துட்டு. படகுல ஏது நிழல்.

மஸ்கட்ல முதல் நாள். காத்து செத்துப்போய்க் கிடக்கு. எட்டுப் படகும் குளத்து வாத்து மாதிரி நிக்கி. ஹென்ரிக் சும்மா, யாருக்காவது ஏதாவது தெரியுதான்னு கேட்டான். எனக்குத் தெரிஞ்சிட்டு, இடது பக்கம் தண்ணி லேசாக் கறுக்கு. நான் வாயைத் தொறக்கதுக்குள்ள காளிராஜ் கையை நீட்டிட்டான். அங்கன திருப்புனோம். காத்து வந்துட்டு. முதலாவதா வந்தோம். அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல ஹென்ரிக் அவன்ட்ட, இதை எங்க படிச்சேன்னு கேக்கான். இவன் தீப்பெட்டி ஆபீஸ்னு சொல்லுதான். இவன் அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தாங்களாம். குச்சி காயப்போட்டிருப்பாங்களாம். மழையோ காத்தோ வாரதுக்கு முந்தி அள்ளணுமாம், நனைஞ்சா கூலி போச்சு. அதனால சின்னதுல இருந்து வானத்தையே பாத்துக்கிட்டு இருப்பானாம். அந்தப் பாதி இங்கிலீஷ்ல, கையை ஆட்டி ஆட்டி அவன் சொல்லுதான், மொத்த டீமும் வாயைப் பிளந்து கேக்கு. நான் எங்க தாத்தா கொழும்புக்குப் போன கதையை எடுத்தேன். ஒருத்தன் உப்பை எடுத்துத் தரச் சொன்னான்.

அன்னையில இருந்து ஹென்ரிக்குக்கு ஒரே கேள்விதான். "காளி, என்ன தெரியுது?" காளின்னுதான் கூப்பிடுவான். என்னைய நெல்னு கூப்பிடுவான். நெல்டன் கொரைரான்னு பேரு வச்சவனை நெல்லுங்கான். பூகெட்டுலயும் அதே கேள்விதான். ஒவ்வொரு தடவையும் நானும் பாத்தேன் அண்ணாச்சி, சத்தியமா நானும் பாத்தேன். ஆனா முன்னால நிக்கவன் திரும்பிக் கத்திச் சொல்லணும். பின்னால இருக்கவன் காதுலயே சொல்லிருவான். இடம் அப்படி.

ஃப்ரிமேண்டில்ல ஒரு நாள் ஹென்ரிக் என்னையும் கேட்டான். கேட்டுட்டான்லா, விடுவனா? வலது பக்கம்னு சொன்னேன். வலது பக்கம் போனோம். ஆறாவதா வந்தோம். அன்னைக்குக் காத்துதான் ஏமாத்திட்டு. கரைக்கு வந்து கயிறைச் சுருட்டிக்கிட்டு இருந்தோம். அப்ப காளிராஜ் சொல்லுதான், எனக்கும் வலது பக்கம்னுதான் பட்டுது, நானா இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்னு. பொய். அவன் இடது பக்கமே பாத்துக்கிட்டு இருந்ததை நான் கண்ணால பாத்தேன். என் தப்புலயும் வந்து பங்கு கேக்கான் பாருங்க. ஒரு மனுசனை நிம்மதியாத் தோக்கக்கூட விடமாட்டான்.

ரூம்லயும் அப்படித்தான். எனக்கு முந்தி எந்திரிச்சு ரெண்டு பேருக்கும் காப்பி போட்டு வைப்பான். என் ஈர உடுப்பை எடுத்துக் காயப்போட்டிருப்பான். வேண்டாம்லேன்னா, "சும்மாதானண்ணே இருக்கேன்"ம்பான். இவன் நல்லவனா நடிக்கானா இல்ல நெசமாவே நல்லவனான்னு எட்டு மாசம் உத்து உத்துப் பாத்தேன். நடிப்புன்னு ஒரு நாளாவது தெரிஞ்சிருந்தா எனக்கு எவ்வளவோ ஆறுதலா இருந்திருக்கும்.

மொரீஷியஸ் முடிஞ்சதும் நாங்கதான் முதல்ல இருந்தோம். ரெண்டு புள்ளி கூட. அங்கன வச்சு ஹென்ரிக் சொன்னான், டர்பன்ல காளி கயிறு பிடிக்க வேண்டாம், என் பக்கத்துல நின்னு வழி சொன்னாப் போதும்னு. வழி சொல்ற ஆளுன்னா கேப்டனுக்கு அடுத்த ஆளு. படகுல மூளைன்னா அதுதான். நான் இருபது வருஷமா கேட்ட இடம் அது. நேவியில கேட்டேன், குடுக்கல. இங்க கேக்கவே இல்ல, கேக்காமயே தருவாங்கன்னு இருந்தேன். எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். என் கை எனக்கே கேக்கல. வயிறு எரிஞ்சுது அண்ணாச்சி. பொறாமை கிடையாதுன்னு முதல்ல சொன்னேன்லா, அதை அடிச்சிருங்க. பொறாமைதான்.

இப்ப கனத்து விஷயத்தைச் சொல்லணும், இல்லாட்டி உங்களுக்குப் புரியாது. காத்து பலமா அடிச்சா படகு ஒரு பக்கமாச் சாயும். நாங்க எட்டுப் பேரும் மறு பக்கத்து விளிம்புல வரிசையா உக்காந்து, காலைத் தொங்கப் போட்டு, உடம்புக் கனத்தால படகை நிமித்தணும். கனம் கூடக் கூட படகு வேகமாப் போகும். அப்படியே விட்டா எல்லா டீமும் பயில்வானாப் பாத்து ஏத்திருவான்லா. அதுக்குத்தான் ஒரு அளவு வச்சிருக்கான். எட்டுப் பேரும் சேந்து அறுநூத்தி நாப்பது கிலோ. அதுக்கு மேல நூறு கிராம் போனாலும் படகுல ஏற விடமாட்டான். ஒவ்வொரு ஊர்லயும் பந்தயத்துக்கு மொத நாள், டிரவுசரும் பனியனுமா எல்லாரையும் மெஷின்ல ஏத்தி எழுதுவாங்க. உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். பேர் பெத்த ஆளெல்லாம் அன்னைக்குக் காலையில பச்சத்தண்ணி குடிக்காம, எச்சியைத் துப்பிக்கிட்டு அலைவான்.

எங்க டீம்ல தினம் காலையில அவனவன் கனத்தை மெஷின்ல பாத்து போர்டுல எழுதணும். எனக்கு எழுபத்தாறு. பத்து வருஷமா எழுபத்தாறு. கூடினதும் கிடையாது, குறைஞ்சதும் கிடையாது. காளிராஜுக்கு எம்பத்திரெண்டு. அதுதான் அவனுக்குப் பெரிய தலைவலி. தண்ணி குடிச்சாலே ஏறுத உடம்பு. ஆசையாச் சாப்பிடுவான், பொறவு அதுக்காக ரெண்டு நாள் ஓடுவான். எங்க எட்டுப் பேரையும் கூட்டினா அறுநூத்தி முப்பத்தொன்பதரை. அரைக் கிலோதான் இடம் இருந்துது. அதுபோக இனெஸ்னு ஒரு போர்ச்சுகல் பொண்ணு கூடவே வரும். அறுபத்தொரு கிலோ. யாருக்காவது கையோ காலோ போச்சுன்னா ஏறுததுக்கு.

இப்ப உங்களுக்கு விளங்கியிருக்கும் நான் எங்க வாரேன்னு. மூஞ்சியை அப்படி வைக்காதீங்க. நான் விஷமா வச்சேன்? சோறுதானே போட்டேன்.

டர்பனுக்குப் பத்து நாள் முந்தியே போயிட்டோம். அங்கன நம்ம ஆளுக நிறைய. மூணு நாலு தலைமுறைக்கு முன்ன கரும்புக்காட்டு வேலைக்குப் போன குடும்பங்க. படகுத்துறைக்குப் பக்கத்துலயே கவண்டர்னு ஒருத்தரு கடை வச்சிருந்தாரு. தமிழ் வராது, 'சாப்பிடு'ங்கிற ஒரு வார்த்தை மட்டும் வரும், அது போதாதா? ஒரு முழு ரொட்டியை நடுவுல குடைஞ்சு, அதுக்குள்ள ஆட்டுக்கறிக் குழம்பை ஊத்தித் தருவாரு. மொத நாள் காளிராஜைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஒரு வாய் வச்சதும் அவனுக்குக் கண்ணு கலங்கிட்டு. எட்டு மாசமா அவிச்ச கோழியும் இலையும் தின்ன வாயி. அடுத்த நாளும் கூட்டிக்கிட்டுப் போனேன். அதுக்கடுத்த நாளும். மொரீஷியஸ் முடிஞ்சு லீவுல வந்துட்டுப் போகும்போது வீட்டுக்காரி கட்டிக் குடுத்த மக்ரூனும் மஸ்கோத் அல்வாவும் ரூம்ல இருந்துது. சாயங்காலம் சாயங்காலம் அதைப் பிரிச்சு வைப்பேன். "வேண்டாம்ணே, ஏறிரும்"பான். "ஒரு துண்டுலே, என் பொண்டாட்டி உனக்குன்னு செஞ்சு குடுத்தா"ம்பேன். கடையில வாங்குனதுதான். நான் அப்படிச் சொன்னா அவன் தட்டமாட்டான்னு எனக்குத் தெரியும்.

அவனை மட்டும் தின்னவிட்டா சந்தேகம் வருமில்லியா? நானும் கூட உக்காந்து சாப்பிட்டேன். அவன் அரை ரொட்டின்னா நான் முழு ரொட்டி. அப்பதானே அவனுக்குக் கூச்சம் போகும்.

போர்டுல அவன் கணக்கு ஏறுது. எம்பத்திமூணு. எம்பத்திநாலு. எம்பத்தஞ்சு. ஒவ்வொரு நாளும் அவன் மெஷின்ல ஏறும்போது நான் பக்கத்துல நின்னு முள்ளையே பாப்பேன். எனக்குள்ள ஒரு குளிர்ச்சி. அவன் எழுதி முடிச்ச பொறவு நான் சாக்பீசை வாங்கி எழுபத்தாறுன்னு எழுதிட்டு வந்துருவேன். ஏறிப் பாக்கலியான்னு கேக்கீங்க. எதுக்குப் பாக்கணும்? பத்து வருஷமா எழுபத்தாறு. ஒரு மனுசன் தன் பேரைக் கண்ணாடி பாத்தா எழுதுதான்?

எம்பத்தஞ்சு வந்த அன்னைக்கு ஹென்ரிக் அவனைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டான். இன்னும் மூணு நாள்தான். எம்பத்திரெண்டுக்கு வரணும், இல்லாட்டி உன் இடத்துல இனெஸ் ஏறும், எனக்கு வேற வழி கிடையாதுன்னு. காளிராஜ் வந்து என்கிட்டதான் அழுதான். தப்புப் பண்ணிட்டேண்ணே, நாக்கை அடக்கத் தெரியலண்ணேன்னு அழுதான். என் மேல ஒரு சொல்லு சொல்லல. நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல.

பொறவு ஓட ஆரம்பிச்சான். மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு, அதுக்கு மேல கம்பளிச் சட்டையைப் போட்டுக்கிட்டு, உச்சி வெயில்ல கடற்கரையில ஓடுதான். சோறு கிடையாது. தண்ணியை மூடியில ஊத்திக் குடிக்கான். ரெண்டாம் நாள் பாத்தா, அவன்கூட டீம் மொத்தமும் ஓடுது. ஹென்ரிக் ஓடுதான், அம்பது வயசுக்காரன். அவன் படகுல இருந்து இறங்குனா தனக்குத்தானே இடம்னு இருக்கிற பொண்ணு, அந்த இனெஸ், அவளும் ஓடுதா. மணல்ல உக்காந்து நான் அதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்காக இப்படி யாராவது ஓடுவானுகளான்னு ஒரு நினைப்பு வந்துது பாருங்க. அந்த நினைப்பு எம்பத்திரெண்டு கிலோவை விடக் கனமா இருந்துது. ஓடாம நீங்க ஏன் உக்காந்திருந்தீங்கன்னு கேக்காதீங்க. எனக்குச் சாப்பிட்ட அலுப்பு.

எடை பாக்குற அன்னைக்குக் காலையில பதினோரு மணி. காளிராஜ் ஏறுனான். சரியா எம்பத்திரெண்டு. எல்லாரும் அவனைத் தூக்கிட்டாங்க. ஒதடு வெடிச்சு, கண்ணு உள்ள போயி, பிரேதம் மாதிரி இருக்கான், சிரிக்கான். கடைசி ஆளு நான். ஏறுனேன். எழுபத்தெட்டரை.

மெஷின் தப்புன்னு சொன்னேன். இறங்கி ஏறச் சொன்னாங்க. எழுபத்தெட்டரை. கைக்கடிகாரத்தைக் கழத்திட்டு ஏறுனேன். அதே எழுபத்தெட்டரை. மொத்தம் அறுநூத்தி நாப்பத்திரெண்டு. ரெண்டு கிலோ கூட. ஹென்ரிக் என்னைப் பாக்கல. திரும்பி அந்த போர்டைப் பாத்தான். வரிசையா எழுபத்தாறு, எழுபத்தாறு, எழுபத்தாறு, என் கையெழுத்து. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ரெண்டு மணி வரைக்கும் டைம் உண்டு. குறைச்சிட்டு வந்து திரும்ப ஏறலாம், அது ரூல். காளிராஜ்தான் சொன்னான், "ஆளுக்கு ஒரு கிலோண்ணே. நான் ஒண்ணு இறக்குதேன், நீங்க ஒண்ணு இறக்குங்க. முடிஞ்சு போச்சு." சொல்லிட்டு அந்த நனைஞ்ச மழைக்கோட்டைத் திரும்ப எடுத்து மாட்டுதான். மூணு நாள் பட்டினி கிடந்தவன். அவன் உடம்புல இறக்கதுக்கு என்ன இருக்கு? எனக்கு ஒரு கிலோ பெரிய விஷயமே இல்ல. அரை மணி நேரம் ஓடி, ரெண்டு தடவை பாத்ரூம் போனா முடிஞ்சுது. ரெண்டையுமே நானே இறக்கியிருப்பேன்.

ஆனா நீங்க யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி. அவன் தயவுல நான் படகுல ஏறணுமா? அவன் பட்டினி கிடந்து எனக்கு இடம் வாங்கித் தருவான், நான் போய் அணியத்துல நிக்கணும், அவன் பின்னால நின்னு வழி சொல்லுவான், நான் அந்தப் பக்கம் பாயைத் திருப்பணும். மானம்னு ஒண்ணு இருக்கா இல்லியா? அங்கன ஓரத்துல ஒரு ஐஸ்பெட்டி இருந்துது. அதுல இருந்து ஒரு சோடா எடுத்தேன். அரை லிட்டர். எல்லார் முன்னாலயும், ஹென்ரிக்கைப் பாத்துக்கிட்டே, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சேன்.

ஹென்ரிக் காகிதத்துல என் பேரை அடிச்சுட்டு இனெஸ் பேரை எழுதுனான்.

இது தெரியாம அவன் ஓடிக்கிட்டு இருக்கான். ஒரு மணிக்கு வந்தான். தலையில ஒரு முடி இல்ல. மழிச்சுட்டு வந்திருக்கான், அதுல ஒரு நூறு கிராம் குறையும்னு. புருவத்தை மட்டும் விட்டு வச்சிருந்தான். மெஷின்ல ஏறுனான், எம்பத்தொண்ணு. இறங்கி நேரா என்கிட்ட வந்து, "அண்ணே, என் பங்கு முடிஞ்சுது, நீங்க ஏறுங்க"ன்னான்.

"நான் ஏறல"ன்னேன்.

என் கையில காலி பாட்டில் இருந்துது. அதைப் பாத்தான். பொறவு என்னைப் பாத்தான். கோபப்படுவான்னு நினைச்சேன். என் பக்கத்துல உக்காந்தான். தண்ணி குடிலேன்னு நான்தான் சொல்ல வேண்டியிருந்துது.

பொறவு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. என் இடத்துல அறுபத்தொரு கிலோ பொண்ணு. படகுல கனம் இல்ல. மூணு நாள் காத்து பிச்சு எடுத்துது, இவனுக படகு சாஞ்சு சாஞ்சு பின்னால போச்சு, ரெண்டு புள்ளி இருந்ததும் போச்சு. கரையில நின்னு பாத்த எனக்கு உள்ளுக்குள்ள என்ன இருந்துதுன்னு கேட்டா, தோக்கணும்னு இருந்துது. உள்ளதைச் சொல்லிட்டேன். நாலாம் நாள் கடைசி ஓட்டத்துல காத்து விழுந்துட்டு. கனம் குறைஞ்ச படகுக்கு அதுதான் வசதி. மத்த ஏழு படகும் கடலோரமாப் போச்சு. இவன் ஹென்ரிக் காதுல என்னமோ சொல்லுதான், படகு வெளிக்கடலுக்குத் திரும்புது. அங்கன காத்து இருந்துது. நானும் கரையில இருந்து பாத்தேன் அண்ணாச்சி. அந்தக் காத்தை நானும் பாத்தேன். ஒரு புள்ளியில கோப்பையை எடுத்துட்டானுக.

அன்னைக்கே நான் டிக்கெட் போட்டு வந்துட்டேன். இப்ப துறைமுகத்துல டக்ல, அதான் இழுவைப் படகுல, வேலை. பெரிய கப்பலை இழுத்துக் கட்டுதோம். நல்ல வேலைதான். டீசல் வாடை அடிக்கும், காத்து எந்தப் பக்கம் அடிச்சா நமக்கென்ன.

இவ்வளவும் சொல்லிட்டேன், நீங்க ஒரு வரிகூட எழுதிக்கிடலியே. என்ன, அதுக்கு வரலியா? பொறவு எதுக்கு? அழைப்பிதழா? குடுங்க பாப்போம். எனக்கெல்லாம் தபால்ல போட்டாப் போதாதா.

காளிராஜ் பேரு போட்டிருக்கு, சரி. கலெக்டர், சரி. இது என்ன? 'தியாகச் செம்மல்'. யாரு அது? என் பேரு போட்டிருக்கு அண்ணாச்சி. நெல்டன் கொரைரா அவர்களுக்குப் பொன்னாடையாம். அச்சுல ஏதோ தப்பு நடந்திருக்கு.

அவனா சொன்னான்? நீங்க நேர்ல கேட்டீங்களா? திரும்பச் சொல்லுங்க. கனம் கூடிப்போச்சு, காளி இருந்தாத்தான் டீம் ஜெயிக்கும்னு, நானா இறங்கி இடத்தை விட்டுக் குடுத்தேனா? நெல்டன் அண்ணனை மேடையில ஏத்தாட்டி எனக்கு விழாவே வேண்டாம்னானா?

சோடாவைச் சொல்லலியா? போர்டைப் பத்தி? ரொட்டிக் கடைக்கு நான் கூட்டிக்கிட்டுப் போனதை?

அவனுக்கு எல்லாம் தெரியும் அண்ணாச்சி. கோவில்பட்டிக்காரன், முட்டாள் இல்ல. வானத்துல மேகம் நகந்தாலே கண்டுபிடிக்கவன், பக்கத்துக் கட்டில்ல கிடந்தவன் மனசு தெரியாமலா இருக்கும். அல்வாவுக்கு அவன் கையை நீட்டினதே தெரிஞ்சுதான் நீட்டியிருப்பான் போல. நான் வருத்தப்படக் கூடாதுன்னு தின்னிருக்கான்.

இப்ப நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க. வாயை மூடிக்கிட்டுப் பொன்னாடையை வாங்கினா, சாகுற வரைக்கும் அவன் போட்ட சட்டைக்குள்ள நான் இருக்கணும். மைக்கைப் பிடிச்சு, தியாகமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, ஊட்டிவிட்டவன் நான், பொய் எழுதுனவன் நான், வீம்புக்குக் குடிச்சவன் நான்னு உள்ளதைச் சொல்லிட்டா? கூட்டம் யாருக்குக் கை தட்டும்? இப்பேர்ப்பட்ட பயலைக்கூடக் காப்பாத்தியிருக்கானேன்னு அவனுக்குத்தான் தட்டும். நான் பொய் சொன்னாலும் அவன் ஜெயிக்கான், நெசத்தைச் சொன்னாலும் அவன்தான் ஜெயிக்கான்.

நீங்க ஏன் எந்திரிக்கீங்க? காதுல விழுந்ததை இங்கனயே விட்டுட்டுப் போறேங்கீங்களா? நீங்களுமா அண்ணாச்சி? எல்லாரும் இப்படி நல்லவங்களாயிட்டா நான் எங்க போறது?

வாரேன். ஞாயித்துக்கிழமைதானே, டூட்டி கிடையாது, வாரேன். என்ன சொல்லப் போறேன்னு மட்டும் இப்பக் கேக்காதீங்க. ஒரே ஒரு உதவி செய்யுங்க. மேடையில அவன் நாற்காலியை என் பக்கத்துல போட்டுறாதீங்க. நடுவுல கலெக்டரை உக்கார வைங்க. பக்கத்துல இருந்தா அவன் அண்ணேன்னு சொல்லி என் கையைப் பிடிப்பான். பிடிச்சான்னா நான் அழுதுருவேன் அண்ணாச்சி. அதையும் போட்டோ எடுத்து, கீழ அவன் பேரைத்தான் போடுவானுக.